இரண்டு சதவீதத்தால் தீருமா இந்தக் கடன்?



பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். பள்ளிக்குப் பெஞ்சு, ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி, மேலே பெயர்ப் பலகை. இவ்வளவுதான் பொறுப்பா? அப்படியானால் இலாபமே வராத கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாதா?

நம் தீவுகளின் கதையைப் பாருங்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நம் மக்களில் ஒரு பகுதியினர் கட்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். 1977இல் அமைந்த வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் அங்கே ரப்பரையும் லிட்டில் அந்தமானில் எண்ணெய்ப் பனையையும் நடத்தியது. மரம் வெட்டியும் பிழைத்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் வெட்டுக்குத் தடை போட்டது. நஷ்டம் ஏறியது. 2017இல் மத்திய அமைச்சரவை, ஊழியர் பாக்கியைத் தீர்த்துக் கழகத்தை மூட ஒப்புதல் கொடுத்தது. ஊழியர் பாக்கிக்குக் கணக்கு இருந்தது. தோட்டத்தை நம்பிய பிள்ளைகளுக்கும், காட்டை இழந்த பழங்குடிகளுக்கும் எந்தப் பேரேட்டில் கணக்கு?

இப்போது கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. நடத்துவது இன்னொரு அரசுக் கழகம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. அதே மாதம் பழங்குடி மன்றம் முன்பு தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது.

"நமக்கு வேலை கிடைக்குமே" என்கிறார்கள் நம்மவர் சிலர். கட்சலிலும் வேலைதான் கொடுத்தார்கள்!

நன்கொடை கேட்கவில்லை நாம். முதலில் மண்ணுக்குரியவர்களின் சம்மதம்; மூடிப் போகும் நாளின் கடமையும் எழுத்தில். அதன் பிறகே கோடரி. இதை முதலில் கேட்க வேண்டியவர்கள், பட்டறிந்த நாம்தான்.