நீர்க்கடுப்பும் மீதி மாத்திரையும்

 

எங்கள் மத்ரஸாவில் ஓதும் 14 வயது மாணவி ஒருத்தி 12 நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. பின்னர் அவளுடைய தாயார் என் துணைவியாரைச் சந்தித்துக் காரணத்தைச் சொன்னார். "எங்க பேரு வேணாம், ஆனா மத்தவங்களுக்குப் பாடமா இருக்கட்டும்" என்று அவரே கேட்டுக்கொண்டதால் இங்கு எழுதுகிறேன்.

அத்தாயார் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். கழிப்பறைக்குச் செல்லும் சிரமத்திற்கு அஞ்சி, வேலை நேரத்தில் தண்ணீரே அருந்துவதில்லை. கோடையில் நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்று எண்ணி இளநீர் குடித்தும் தணியவில்லை. மருந்துக் கடையில் சொல்லி ஆறு மாத்திரைகள் வாங்கினார். மூன்றிலேயே எரிச்சல் அடங்கியது. மீதி மூன்றும் அலமாரிக்குப் போயின.

சில மாதங்கள் கழித்து மகளுக்கும் அதே உபாதை. வயது வந்த பெண்ணை இதற்காகவா மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்ற கூச்சம். அலமாரியிலிருந்த மூன்று மாத்திரைகளும் மகளுக்குக் கொடுக்கப்பட்டன. மூன்றாம் நாள் இரவு நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். "முன்பு என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டில் பெயரே இல்லை. பரிசோதனையில், வழக்கமான மாத்திரைகள் பலவற்றுக்குக் கட்டுப்படாத கிருமி என்று தெரிந்தது. பல நாட்கள் ஊசி மருந்து ஏற்றிய பின், அல்ஹம்துலில்லாஹ், பெண் நலமடைந்தாள்.

நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன். ஆயினும் கேட்டும் படித்தும் அறிந்ததை எடுத்துரைப்பது கடமையெனக் கருதுகிறேன்.

நீர்க்கடுப்பு பெரும்பாலும் வெறும் சூட்டினால் வருவதன்று. குடலில் வாழும் 'ஈ.கோலை' என்னும் கிருமி சிறுநீர்ப் பாதையில் புகுவதே பெரும்பான்மைக் காரணம். பெண்களுக்கு அப்பாதை குறுகியதாகையால் அவர்களையே இது அதிகம் வாட்டுகிறது. தண்ணீர் அருந்தாமையும் சிறுநீரை அடக்குதலும் கிருமிக்கு வசதியாகின்றன. அது மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டால்தான் அந்தப் பெண்ணுக்கு வந்தது போன்ற குளிர்காய்ச்சலும் விலா வலியும் தோன்றும்.

இதற்குத் தரப்படும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நம் விருப்பம்போல் கையாளும்போது, எளிதில் சாகும் கிருமிகள் செத்து, வலியவை எஞ்சிப் பெருகுகின்றன. "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்கிறோம். பழகியது உடம்பன்று, கிருமியே. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு ஏற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பது கிருமிக்குப் பயிற்சியளிப்பதாகும் என எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை நம் நாட்டிலேயே பலித்தது. இந்திய வம்சாவளியினரான ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் புதுடெல்லி வந்திருந்தபோது அவருக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டது. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்தையும் எதிர்க்கும் 'என்.டி.எம்-1' என்னும் தன்மை அவரிடமிருந்த கிருமியில் 2008-இல் கண்டறியப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2010-இல் வெளியான ஆய்வு, சென்னையில் சேகரித்த 44 கிருமி மாதிரிகளில் அதே தன்மை இருந்ததைக் காட்டியது. ஆக, உலகை அஞ்ச வைத்த அச்செய்தியின் தொடக்கமும் சிறுநீர்த் தொற்றுதான்.

2014 மார்ச் முதல், வலிமை மிக்க ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டுமெனச் சட்டம் வந்தது. மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாத மருந்துகளின் அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்குமாறு 2016-இல் மத்திய அரசு பிரசாரம் செய்தது. எனினும் சட்டம் நம் வீட்டு அலமாரிக்குள் நுழைந்து பார்ப்பதில்லை. அங்கே காவல் நாம்தான்.

எனவே சகோதரிகளே, இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்:

மருத்துவர் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை சொன்னால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். எம்மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை அதுவே காட்டும். முடிவு வர இரண்டு மூன்று நாட்களாகலாம்.

எழுதித் தந்த அளவில், எழுதித் தந்த நாட்கள் வரை உண்ணுங்கள். சுகம் கண்டவுடன் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டிக்கவும் வேண்டாம். சில மருந்துகளுக்கு ஐந்தே நாட்கள் போதும்.

கர்ப்பம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, முன்பு மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். சில வகை மாத்திரைகளைப் பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றுடன் சேர்த்து உண்டால் பலன் குறையும். எவ்வளவு இடைவெளி விடுவதெனக் கேளுங்கள். உடம்பில் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

குளிர்காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தாலும், நோயாளி கர்ப்பிணியோ குழந்தையோ ஆணோ ஆனாலும், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

ரமலானில் இந்நோய் வந்தால் மருந்து நேரத்தைத் தாமாக ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பதில் குறையேதுமில்லை.

நாணம் ஈமானின் ஒரு கிளை என்பது உண்மை. ஆனால் நோயை மறைப்பது நாணமாகாது. பெண் மருத்துவரிடம் மனம்விட்டுச் சொல்லத் தாய்மார்கள் தம் பெண்மக்களைப் பழக்க வேண்டும்.

ஒருவருக்கென எழுதிய மருந்து அவருக்கு மட்டுமே உரிய அமானிதம். மகளுக்கோ மருமகளுக்கோ அண்டை வீட்டு ராத்தாவுக்கோ எடுத்துக் கொடுப்பது உதவியாகாது. இதை வாசித்து முடித்ததும் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பெயரற்ற மாத்திரைத் துண்டுகள் அங்கே கிடந்தால், இன்றே அகற்றிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் ஆரோக்கியத்தை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.