மறுநாள் வேலை இருந்ததா?

“பழைய நீலப்படம்தானே, அதுக்கெல்லாம் விமர்சனமா?” என்று சிரிப்பவர்கள் ஒரு பக்கம். எழுபதுகளில் வந்தது என்றாலே வரலாற்று ஆவணம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் படத்தை ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஜோ கேஜ் இயக்கிய மூன்று தன்பாலீர்ப்புப் படங்களை எடுத்துக்கொள்வோம்: ‘கான்சஸ் சிட்டி டிரக்கிங் கோ.’ (1976), ‘எல் பாசோ ரெக்கிங் கார்ப்.’ (1978), ‘எல்.ஏ. டூல் அண்ட் டை’ (1979). மூன்று தலைப்புமே கம்பெனிப் பெயர்கள். மூன்றிலும் ஹேங்க் என்ற தொழிலாளியாக ரிச்சர்ட் லாக் வருகிறார். முதல் படத்தில் புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவன் அவரோடு லாஸ் ஏஞ்சலஸ் வரை லாரியில் போகிறான்.

இந்தப் படங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான பாராட்டு, “இதுல வர்றவங்க அசல் ஆம்பளைங்க” என்பது. எனக்கு எரிச்சலே இதில்தான். மீசையும் கிரீஸ் கறையும் இருந்தால் மரியாதை, நளினமாக நடந்தால் கேலி என்கிற அதே பழைய கணக்கு. படமும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டுதான் ஓடுகிறது. அதை ‘விடுதலை’ என்று என்னால் எழுத முடியாது. தலைப்பில் இருக்கும் கம்பெனி திரையில் அதிகம் இல்லை என்பதும் குறைதான். வேலையைவிடப் பயணமும் வழியில் நடக்கும் சந்திப்புகளுமே நிறைய.

ஆனாலும் இவற்றைத் தூக்கிப்போட மாட்டேன். காரணம், வேலை பறிபோகிற பயம். 1978-இல் கலிபோர்னியாவில், தன்பாலீர்ப்பாளர்களை அரசுப் பள்ளி வேலையிலிருந்து நீக்க ஒரு சட்ட முன்மொழிவு வாக்கெடுப்புக்கே வந்தது. மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். இந்தப் பாகுபாட்டைத் தனியார் வேலையிலும் தடைசெய்த முதல் மாநிலம் விஸ்கான்சின், அதுவும் 1982-இல்தான். நாடு முழுக்க அந்தப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2020-இல்!

இப்போது ‘எல் பாசோ’வைப் பாருங்கள். ஹேங்குக்கும் நண்பனுக்கும் வேலை போகிறது. எதற்காக? மதுக்கடையில் அடிதடி. ஆணோடு படுத்ததற்காக யாரும் அவர்களைத் துரத்தவில்லை. கேஜின் துணிச்சலான கற்பனை இதுதான் என்பேன். கட்டில் காட்சிகளை அந்தக் காலத்தில் பலரும் எடுத்தார்கள். மற்ற எவனையும்போல ஒருத்தன் குடித்து, சண்டைபோட்டு, வேலையை இழந்து, அடுத்த ஊருக்கு வேலை தேடிப் போகலாம் என்று காட்ட எத்தனை பேருக்குத் தோன்றியது? மூன்றாவது படத்தில் ஹேங்க், தனக்குப் பிடித்த ஒருவன் வேலைக்குப் போகும் ஊருக்கே பின்னால் போகிறார். காதலும் கைச்சம்பளமும் ஒரே ஊரில் கிடைக்க வேண்டும்; அவ்வளவுதான் ஆசை.

எனவே இந்த வகைப் படங்களை எடைபோட உடம்பு அழகையும் பழமையையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த ஆளுக்கு மறுநாள் வேலை இருந்ததா என்று கேளுங்கள். கேஜின் படங்களில் இருந்தது. அதற்காகவே நான் அவற்றுக்குப் பாஸ் மார்க் போடுகிறேன், மீசைக்காக இல்லை.