21 நாள் என்னும் பொய்க்கணக்கு

ஒரு செயலை இடைவிடாமல் 21 நாள் செய்துவந்தால் அது பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கை, காலை நடையைத் தொடங்குபவரிடமும், காபியில் சர்க்கரையைக் கைவிட முயல்பவரிடமும், அவர்களுக்கு வழிகாட்ட முன்வரும் சுயமுன்னேற்ற நூல்களிலும் கைபேசிச் செயலிகளிலும், ஐயத்துக்கு இடமற்ற உடலியல் விதியைப் போல நிலைபெற்றிருக்கிறது. உண்மையில் அது விதியே அன்று. வேறொரு பொருளைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதியது, கைமாறி வந்த வழியில் தன் முதன்மையான சொல்லை இழந்து, தொடர்பே இல்லாத இடத்தில் குடியேறிவிட்டது.

நியூயார்க்கில் ஒட்டறுவை மருத்துவராக இருந்த மேக்ஸ்வெல் மால்ட்ஸ், 1960இல் வெளியிட்ட 'சைக்கோ சைபர்நெட்டிக்ஸ்' என்னும் நூலில், முகம் திருத்தப்பட்டவர் கண்ணாடியில் தெரியும் புதிய முகத்தைத் தன்னுடையதாக ஏற்பதற்கும், உறுப்பை இழந்தவருக்கு அது இன்னும் இருப்பதாகவே தோன்றும் 'மாய உறுப்பு உணர்வு' தணிவதற்கும், குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆவதாகக் குறித்திருந்தார். பின்வந்தவர்கள் 'குறைந்தது' என்பதை உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இங்கே உண்டு: மாறிவிட்ட முகத்துக்குப் பழகிக்கொள்பவர் எதையும் செய்யவேண்டியதில்லை, காலம் கடந்தால் போதும், நாள்தோறும் ஐந்தரை மணிக்கு எழுந்து நடக்க வேண்டியவரின் நிலை அத்தகையதன்று.

பழக்கம் என்பதை உளவியலார், மீண்டும் மீண்டும் ஒரே சூழலில் செய்யப்படுவதால், அந்தச் சூழல் வந்ததுமே யோசனையோ முயற்சியோ இன்றி நிகழும் செயல் என்று வரையறுக்கிறார்கள். யோசனையின்றி நிகழும் இந்தத் தன்மையே தன்னியக்கம் எனப்படும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 96 தன்னார்வலர்கள் உணவு, பானம், உடலுழைப்பு ஆகியவற்றுள் எளிய செயல் ஒன்றைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பின் என்பதுபோல மாறாத ஒரு வேளையோடு அதைப் பிணைத்து, 84 நாள் பின்பற்றினார்கள். தன்னியக்கம் தன் உச்சநிலையை ஏறத்தாழ எட்ட ஆன காலத்தின் இடைநிலை அளவு, அதாவது பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவாகவும் பாதிப்பேருக்கு அதைவிடக் கூடுதலாகவும் அமைந்த அளவு, 66 நாள்; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை விரிந்திருந்தது. 84 நாளே நடந்த ஆய்வில் 254 எப்படி வந்தது என்று வாசகர் கேட்பது முறையே: அது பதிவான வளைவை முன்னோக்கி நீட்டிப் பெற்ற கணிப்பு. ஆகவே 21ஐ இறக்கிவிட்டு அதே பீடத்தில் 66ஐ ஏற்றுவதும் (அதற்கான வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது) மூடநம்பிக்கையின் புதுப்பதிப்பே ஆகும். செயலின் தன்மையும் கணக்கை மாற்றுகிறது. உடற்பயிற்சிக்கூட வருகைப் பதிவுகளையும் மருத்துவமனைப் பணியாளர் கைகழுவும் பதிவுகளையும் ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், கைகழுவுதல் வாரக்கணக்கில் பழக்கமாக, உடற்பயிற்சிக்கோ மாதக்கணக்கில் காலம் பிடித்தது.

நாள் எண்ணி ஒழுகுவது தமிழருக்குப் புதிதன்று. குடமுழுக்குக்குப் பின் நடக்கும் மண்டல பூசை 48 நாள். சபரிமலைக்கு மாலையிட்டவரின் விரதம் 41 நாள். ஆனால் விரதத்தில் நாள் எண்ணப்படுவது அது முடியப்போகிறது என்பதற்காகவே. மாலையைக் கழற்றியவர் பழைய உணவுக்குத் திரும்பினால் விரதம் தோற்றதாக எவரும் சொல்வதில்லை. பழக்கத்துக்கோ அத்தகைய இறுதி நாள் இல்லை. '21 நாள் சவால்' என்று இன்று விற்கப்படுவது, பழக்கத்தின் பெயரைச் சூடிக்கொண்ட விரதமே. விரதத்துக்குரிய அடக்கமும் நேர்மையும் மட்டும் அதில் இல்லை.

எண் பொய்யானாலும் மக்களைத் தொடங்கவைக்கிறதே என்று வாதிடுவோர் உண்டு. தொடங்கியவர் 22ஆம் நாள் காலையில் என்ன ஆகிறார் என்பதை அவர்கள் கேட்பதில்லை. நடை இன்னும் சுமையாகவே இருப்பதைக் காணும் அவர், எண்ணை ஐயுறாமல் தம் மன உறுதியை ஐயுறுகிறார். சர்க்கரை நோய்க்காகவோ இரத்த அழுத்தத்துக்காகவோ நடக்கத் தொடங்கியவராயின், இந்த மனச்சோர்வின் விலையை உடல் செலுத்துகிறது. இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கை, ஒரு நாள் தவறினாலும் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும் என்பது. பழக்கம் வேரூன்றும்வரை விதிவிலக்கே கூடாது என 1890இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் போன்ற பேரறிஞரே எழுதியிருந்தார் எனினும், லாலியின் ஆய்வில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது தன்னியக்கத்தின் வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. மழை பெய்த நாளில் நடக்காதவர் இழந்தது அன்றைய நடையை மட்டுமே.

அதே ஆய்வில் தன்னியக்கம் நேர்கோடாக ஏறவில்லை. தொடக்கத்தில் வேகமாக உயர்ந்து, பின்னர் மெல்ல மெல்லத் தட்டையானது. நாட்காட்டியில் கோடு கிழிப்பவர் ஒருநாள் கோட்டை மறந்துவிட்டு நடந்து திரும்பியிருப்பாராயின், பழக்கம் ஏற்பட்டதற்கு அதுவே சான்று; அந்த நாள் எத்தனையாவது என்பது அப்போது அவருக்கே தெரிந்திராது.