ஒரே மந்தையில் இரு கருத்து

ஒரே பாலினத்தவர் மணத்தைச் சட்டம் ஏற்கலாமா? கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழும் அயர்லாந்து, இவ்வினாவை 2015 மே 22-இல் மக்கள் வாக்குக்கு விட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 62 பேர் ஆம் என்றனர். 38 பேர் மறுத்தனர்.

திருமணம் ஆணும் பெண்ணும் இணைந்து மக்களைப் பெற்று வளர்க்கும் உறவு என ஆயர்கள் எடுத்துரைத்தனர். முன்னாள் குடியரசுத் தலைவரும் கத்தோலிக்கருமான மேரி மெக்கலீஸ் அம்மையாரோ, குடிமக்களுள் வேற்றுமை தகாதென ஆதரவு அளித்தார்.

முடிவு வெளியானபின், அன்றைய டப்ளின் பேராயர் டயர்மிட் மார்ட்டின், இளைஞரைவிட்டுத் திருச்சபை விலகிவிட்டதோ என ஆராயப் பணித்தார்.

நம் இல்லத்திலும் இப்பேச்சு எழலாம். திருச்சபையின் போதனையை மறைக்க வேண்டாம். பிள்ளைகளின் வாயை அடைக்கவும் வேண்டாம். ஏளனம் மட்டும் நம் நாவில் எழாதிருக்கட்டும். அதை மௌனமாய்க் கேட்டு வருந்துவது நம் சொந்த மகனாகவோ மகளாகவோ இருக்கலாமன்றோ?