வெட்கத்துக்கு மாத்திரை இல்லை, வீக்கத்துக்கு ஸ்கேன் வேண்டும்



வாத்தியார் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன், விதைப்பையில் வீக்கத்தோடு எட்டு மாதம் கவ்வாத்து வெட்டினார். வலி பெரிதாக இல்லை, வெட்கம்தான் பெரிது. கடைசியில் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனார். "அடிபட்டிருக்கும்" என்று மாத்திரை. முடிந்ததும் மறுபடி அதே மாத்திரை. வீக்கம் உடைந்து சீழ் வடிந்த பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்தார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் யாருக்காவது சயரோகம் இருந்ததா?" இருந்தது. அதே லயத்துக் காம்பராவில்தான் அவருடைய அப்பா இருமி இருமிச் செத்தார்.

காசநோய் நெஞ்சோடு நிற்பதில்லை. இரத்தத்தோடு போயும், சிறுநீரகத்திலிருந்து இறங்கியும், விதையின் பின்னால் ஒட்டியிருக்கும் விந்துக் குழாய்ச் சுருளைப் பிடிக்கும். ஸ்கேனில் அந்தச் சுருள், பெரும்பாலும் அதன் கீழ்முனை, தடித்துத் திட்டுத்திட்டாகக் கருமையாய்த் தெரியும். ஸ்கேன் மட்டும் தீர்ப்புச் சொல்லாது, உண்மைதான். சாதாரணக் கிருமி வீக்கமும் புற்றுநோயும் இதே மாதிரித் தோன்றலாம். சிறுநீர், சளி, நெஞ்சு எக்ஸ்ரே, தேவையென்றால் சீழையோ சதையையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். புற்றுநோய் என்று விதையையே வெட்டியெடுத்த பிறகு காசநோய் என்று தெரிந்ததும் உண்டு. ஆனால் ஸ்கேன் எடுக்காவிட்டால் இந்தச் சந்தேகமே யாருக்கும் வராதே!

நேரத்தோடு கண்டால் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இலவச மருந்து, வழக்கமாக ஆறு மாதம். பிந்தினால் குழாய் அடைபடும், பிள்ளைப்பேறு போகும். அதற்கும் லயத்தில் ஏச்சு வாங்குவது மனைவிதான்.

டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர் போச்சு, பஸ் காசும் கையிலிருந்து. நிர்வாகத்திடம் கேட்டால் அது "சொந்த வேலை"யாம். ஈரம், சாக்கு என்று கொழுந்தில் கிலோக் கணக்காய்க் கழிக்கும்போது மட்டும் அது தோட்ட வேலை!

இரண்டு கிழமை மருந்தில் வீக்கம் வற்றாவிட்டால் மூன்றாம் முறை மாத்திரை வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத் துண்டு வேண்டும். ஸ்கேன் நாளுக்கு முழுப்பேர் வேண்டும். அடுத்த தலைவர்மார் கூட்டத்தில் இதை வைக்கிறோம்.

திடீரென்று கடும் வலி வந்தால் துண்டுக்கும் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்காமாரே, உங்கள் வீட்டு ஆண்களிடம் நீங்களே கேளுங்கள். துண்டு தர மறுத்தால் தேதியைக் குறித்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள்.