அடுப்பு இரண்டு; பங்கு மூன்று!

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் திராட்சைப் பந்தல்களைப் பார்க்கலாம். முன்பு இன்னும் அதிகம் இருந்தன. அந்தத் தோட்டங்களுக்கு நடுவே சாளைகள் உண்டு. தோட்டத்து வீட்டைத்தான் கொங்கு நாட்டில் சாளை என்கிறோம்.

மகனுக்குக் கல்யாணம் ஆகும். மருமகள் வருவாள். கொஞ்ச நாளில் வீட்டின் மேற்கே ஒரு சமையலறை சேர்ந்துவிடும். வாசல் ஒன்று, கிணறு ஒன்று, அடுப்பு மட்டும் இரண்டு. மாமியாருக்கும் நிம்மதி, மருமகளுக்கும் நிம்மதி! பேரன் பாடுதான் கொண்டாட்டம். இரண்டு அடுப்பிலும் அவனுக்குச் சோறு உண்டு.

ஆஸ்திரேலியாவில் பரோசா, ஹண்டர் பள்ளத்தாக்குகள் திராட்சை ஒயினுக்குப் பேர் போனவை. அந்த நாட்டில் "இரு குடும்பம் வாழும் வீடு விற்பனைக்கு" என்று தனியாகவே விளம்பரம் செய்கிறார்கள். நமக்கு இது பழைய சங்கதி. ஆனால் இப்படிப்பட்ட வீட்டை விற்கும்போதுதான் தகராறு வருகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். தகப்பனார் தம் உழைப்பில் வாங்கிய தோட்டமும் வீடும் இருக்கின்றன. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். தாயாரும் இல்லை. ஒரு அடுப்பு அண்ணனுடையது. மற்றொன்று தம்பியுடையது. தங்கையைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் டவுனுக்குக் குடிபோக நினைக்கிறார். "என் பாதியை விற்கிறேன்" என்று தரகரிடம் சொல்கிறார்.

பாதி என்பதே தவறு. அவருக்கு உள்ளது மூன்றில் ஒரு பங்குதான்!

சீர் செய்தால் போதுமா?

"தங்கச்சிக்குத்தான் சீரெல்லாம் செஞ்சு அனுப்பிச்சாச்சுங்களே" என்பார்கள். செய்த சீர், பங்குக்கு ஈடாகாது. தங்கை தன் பங்கை விட்டுக் கொடுக்க விரும்பினால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வாய்ச் சொல் செல்லாது.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக் கொள்ளும் வரை, பெண் வாரிசு பாகப்பிரிவினை கேட்க முடியாது என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அது 23-வது பிரிவு. 2005-ல் அதை நீக்கிவிட்டார்கள். இது தெரியாத அண்ணன்மார் இன்னும் பலர். தெரியாத தங்கைகள் அதைவிட அதிகம் என்பது நம் எண்ணம்.

முதலில் கேட்க வேண்டியவர்கள்

சரி, அண்ணன் தம் பங்கை விற்கலாமா? விற்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 22-வது பிரிவைப் பார்க்க வேண்டும். இப்படி வாரிசாக வந்த சொத்தில் ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால், வாங்குவதில் மற்ற வாரிசுகளுக்கே முன்னுரிமை. விலை படியாவிட்டால் நீதிமன்றம் விலை சொல்லும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்குகிறவரும் உஷாராக இருக்க வேண்டும். பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து குடியிருக்க அவருக்கு உரிமை கிடையாது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இப்படிச் சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக் கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். இது 1893-ஆம் ஆண்டுச் சட்டம். பணமும் கொடுத்து, வாசலிலும் நிற்க வேண்டுமா?

வில்லங்கச் சான்று பார்த்தோமே என்பார்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். பொள்ளாச்சித் தங்கை அதில் வரமாட்டார். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரிடமும் பேசுங்கள்.

எல்லோரும் சம்மதித்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் நாளில் அறைக் கணக்கை மட்டும் எழுதினால் போதாது. கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், மோட்டார் ஓட்ட யாருக்கு எந்த நாள் முறை, மாமூல் வண்டித்தடத்தில் யாருக்குப் பாத்தியம் என்பதையும் விவரமாக எழுத வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் பழைய பத்திரங்களில் இதையெல்லாம் திசை சொல்லி எழுதி வைத்தார்கள். வீட்டில் அப்படி ஒரு பழைய பத்திரம் இருந்தால், எழுத்தரிடம் போகும்போது அதையும் கையில் எடுத்துப் போங்கள்.