உடன் சென்றவளா? உழைத்தவளா?

வசிலி கண்டின்ஸ்கி என்னும் ருஷிய ஓவியரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பலர். 1904ஆம் ஆண்டிலிருந்து 1908ஆம் ஆண்டு வரையுள்ள காலத்தை எட்டியவுடன் அவர்களிற் பெரும்பாலோருடைய பேனா திடீரென்று விரைவு கொள்கிறது. அவர் தம் துணைவியுடன் ஹாலந்து, துனிஸ், இத்தாலி, பிரான்ஸ் முதலிய தேசங்களில் யாத்திரை செய்தார் என்று ஒரு வரி. உடனே அடுத்த அத்தியாயம். அந்தத் துணைவிக்குப் பெயர் உண்டா? கை உண்டா? அந்தக் கையில் தூரிகை உண்டா? கேட்பாரில்லை. பெயரைக் கூறும் நூல்களிலும் பல, ‘மாணவி’, ‘காதலி’ என்று இரண்டு சீட்டுகளை அப்பெண்ணின் முதுகில் ஒட்டி அனுப்பிவிடுகின்றன. இதனைப் படித்துவிட்டு வாளாவிருத்தல் தகாது என்றே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அப்பெண்மணியின் பெயர் காப்ரியேல் முன்டர். 1877இல் பெர்லின் நகரத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரையும் இழந்தபின், 1898இல், தம் தமக்கையோடு கப்பலேறி அமெரிக்கா சென்றார். அங்குள்ள உறவினர் வீடுகளில் தங்கி, மிஸ்ஸூரி, ஆர்க்கன்ஸா, டெக்ஸஸ் என்று இரண்டு வருஷ காலம் சுற்றினார். கையில் ஒரு கோடக் பெட்டிக் காமிரா. அதைக் கொண்டு ஏறத்தாழ 400 படங்கள் பிடித்தார். தெருவும், வண்டியும், வெயிலில் நிற்கும் மனிதர்களும் அவற்றில் எவ்வளவு துணிவாகச் சட்டத்துக்குள் அடைபட்டிருக்கின்றன என்பதை இன்றும் பார்க்கலாம். இவ்வளவும் கண்டின்ஸ்கி என்ற பெயரை அவர் அறிவதற்கு முன்பு நிகழ்ந்தவை. ஆகவே, ஊர் சுற்றவும் உலகத்தைப் பார்க்கவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கண்டின்ஸ்கி அல்லர் என்பதை முதலில் தெரிந்துகொள்வோமாக.

ஓவியங் கற்க அவர் மியூனிக் நகரத்துக்கு வந்தார். அங்கே அரசாங்கக் கலாசாலை ஒன்று இருந்தது. ஆனால் அதன் கதவு பெண்களுக்கு 1920 வரையில் திறக்கப்படவில்லை. ஐரோப்பாவே நாகரிகத்தின் தாய்வீடு என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கதவைப் பற்றி மட்டும் எந்த வாத்தியாரும் வாய் திறக்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் தனிப் பள்ளிகளைத் தேடிப் போயினர். அவ்வாறு முன்டர் சேர்ந்த ஒன்றுதான், கண்டின்ஸ்கியும் நண்பர்களும் 1901இல் தொடங்கிய ‘பலாங்ஸ்’ சங்கத்தின் பள்ளி. மாணவி என்ற சீட்டு வந்த வழி இது. கதவை அடைத்தவனை விட்டுவிட்டு, அடைபட்ட கதவுக்கு வெளியே கற்றவளை ‘வெறும் மாணவி’ என்று சொல்வது என்ன நியாயம்?

நமக்கு மழை மாதம், மழையில்லா மாதம் என்று உண்டேயன்றிக் கோடை என்று தனியாக ஒன்றில்லை. ஐரோப்பிய ஓவியனுக்கோ கோடையே சாகுபடிக் காலம். பகல் நீண்டு, இரவு பத்து மணியை நெருங்கும் வரை வெளிச்சம் நிற்கும். தகரக் குழாயில் அடைத்த வண்ணம் விற்பனைக்கு வந்தபின், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய்த் திறந்த வெளியில் தீட்டுவது வழக்கமாயிற்று. 1902 கோடையில் பலாங்ஸ் வகுப்பு கோகெல் என்னும் மலையூருக்குச் சென்றது. ஆசிரியரின் மனைவி அங்கு வரும் நாள் நெருங்கியதும், ஆசிரியரே முன்டரை ஊரைவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொண்டார். அடுத்த கோடை கால்மூன்ஸ் என்ற ஊரில். அங்கே இருவரும் திருமண நிச்சயம் செய்துகொண்டார்கள். அவர் இன்னும் மனைவியுள்ளவர். அந்த மணமுறிவு 1911இல்தான் முடிந்தது.

இனி, அந்த நீண்ட யாத்திரைகள் ஏன் ஏற்பட்டன என்று நோக்குவோம். மியூனிக்கில் இருவரும் ஒரு வீட்டில் வெளிப்படையாக வாழ முடியாது. ஊர் வாய் சும்மா இராது. அந்த வாய்க்குப் பயந்தே பெரும்பாலும் பெட்டி கட்டினார்கள். 1904 வசந்தத்தின் முடிவில் ஹாலந்து. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து 1905 ஏப்ரல் வரை துனிஸ். பிறகு ரப்பல்லோ என்ற இத்தாலியக் கடற்கரை. 1906 கோடையிலிருந்து 1907 கோடை வரை பாரிஸுக்கு அருகேயுள்ள செவ்ர். இதைத் தேனிலவு போல வருணிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இத்தகைய வாழ்க்கையில் ஆணுக்கு ‘கலைஞனின் சுதந்தரம்’ என்று பட்டம். பெண்ணுக்கு வேறு பெயர். வண்டிச் செலவை இருவரும் பகிர்ந்துகொண்டிருக்கலாம். பழிச்செலவு முழுவதும் ஒருத்தியின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? துனிஸ் அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த நாடு. அங்கே தெருக்களையும் சந்தைகளையும் கோட்டைவாசல்களையும் காமிராவில் பிடித்தார். ஒரே இடத்தை இருவரும் தீட்டியதும் உண்டு. கண்டின்ஸ்கி வரைந்து கொடுத்த மாதிரிகளைத் துணியில் மணி கோத்துத் தைத்தவரும் இவரே. அந்த வேலைப்பாட்டில் மாதிரி வரைந்தவர் பெயர் முன்னே நிற்கும். தைத்த விரல் பின்னே போய்விடும். பிரான்ஸில், செவ்ரிலிருந்து சில மாதம் பிரிந்து பாரிஸில் தனி அறை எடுத்துக்கொண்டார். மரச்செதுக்கு அச்சுப்படங்களை வண்ணம் வண்ணமாகச் செய்தார். ஒவ்வொரு வண்ணத்தையும் மாற்றி மாற்றி அச்செடுத்துப் பார்த்தார். 1907இல் பாரிஸின் சுயேச்சை ஓவியர் கண்காட்சியில் தம் படங்களை வைத்தார். துணைக்குப் போனவள் தனி அறையில் அச்சு எடுத்துக்கொண்டிருந்தாளா? சொல்லட்டும் அந்தச் சரித்திராசிரியர்கள்!

தோட்டத்தில் செக்ரோல் எழுதுகிற எனக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ரப்பர் நாளில் பெரட்டுக் களத்தில் புருஷன் பெயரைக் கூப்பிடுவார்கள், பெயர் விழும். வெட்டுக்குப் போகும்போது பெண்சாதியும் பின்னாலே போவாள். மங்கு துடைப்பாள், பால் எடுப்பாள், வாளி சுமப்பாள். மாலையில் பால் நிறுத்து எழுதும்போது புருஷன் பெயருக்கு நேரே எழுதப்படும். ‘உன் வீட்டுக்காரி என்ன செய்கிறாள்?’ என்றால், ‘சும்மாதான் கூட வருகிறாள்’ என்பான். பால் சும்மா வந்ததா? மூத்த கிராணிமார் பலர் வாயால் இதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். ஓவிய சரித்திரத்தின் செக்ரோலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே வித்தியாசம், அதை எழுதிய கிராணிகள் பெரிய பட்டம் பெற்றவர்கள்.

1908 கோடை வந்தது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் முர்னாவ் என்னும் சிற்றூர். முன்டரும் கண்டின்ஸ்கியும், யாவ்லென்ஸ்கி, மரியன்னே வெரெப்கின் என்ற வேறிரண்டு ருஷிய ஓவியர்களும் அங்கே கூடினர். முன்டரின் கையில் ஏறத்தாழ 33க்கு 41 சென்டிமீட்டர் அளவுள்ள அட்டைகள். ஒரே நாளில் பல அட்டைகள் முடியும். அதுவரை கத்தியால் வண்ணத்தை அப்பித் தீட்டியவர், இங்கே அந்தப் பழக்கத்தை உதறினார். வீட்டுக்கு ஒரு நிறம், மலைக்கு ஒரு நிறம், சுற்றிலும் கரிய கோடு. மேகத்தின் நிழலையும் இலையின் நடுக்கத்தையும் எண்ணிக்கொண்டிராமல், கண்ட காட்சியின் சாரத்தை மட்டும் பிழிந்து வைத்தார். அவ்வூரில் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறம் பார்க்கும் நாட்டுப்புறப் படங்கள் உண்டு. அந்தத் தொழிலை உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடம் நேரே போய்க் கற்றுக்கொண்டவர், அந்தக் குழுவில் முதலில் இவரே. மற்றவர்கள் பிறகுதான் கைவைத்தார்கள். 1909இல் அவ்வூரில் ஒரு வீடு வாங்கப்பட்டது. வாங்கியவர் முன்டர், பணம் முன்டருடையது. ஊரார் அதற்கு வைத்த பெயரோ ‘ருஷியர் வீடு’!

அங்கே தீட்டிய படங்களுள் ஒன்றைக் குறித்துச் சற்று நின்று பேச வேண்டும். 1910இல் முன்டர் எழுதிய படகுப் படம் அது. இப்போது அமெரிக்காவில் மில்வாக்கி நகரக் காட்சிசாலையில் இருக்கிறது. ஏரி, பின்னே நீல மலைகள், ஒரு சிறு படகு. படகில் தலைவரைப் போல நிமிர்ந்து நிற்பவர் கண்டின்ஸ்கி. அமர்ந்திருப்பவர்கள் வெரெப்கின் அம்மையும் யாவ்லென்ஸ்கியின் சிறு மகனும். கூடவே ஒரு நாய். முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு துடுப்பையும் பிடித்து வலிக்கிறாள் ஒரு பெண். அவள்தான் முன்டர். நிற்கிறவரைப் பார்த்துவிட்டு ‘ஆகா’ என்று திரும்பிவிடுகிறார்கள் பார்வையாளர்கள். படகு எப்படி நகர்கிறது என்ற நினைப்பு அவர்களுக்கு வருவதில்லை. நிற்கிறவரை நிற்கும்படி எழுதியதும் அந்த முதுகுக்குரியவளே.

நம்மிலும் இரண்டு கட்சியார் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். முதற் கட்சியார் ஒழுக்கவாதிகள். ‘தாலி கட்டாதவனோடு தேசதேசமாய்த் திரிந்தாள், கைவிடப்பட்டாள், அதற்கென்ன?’ என்பர். நன்று. கைவிட்டவரை அவர்கள் என்ன சொல்கிறார்கள்? அவருக்கு மட்டும் ‘மேதை’ என்ற குடை பிடிக்கிறார்கள். ஒழுக்கம் என்பது ஒரு தட்டு மட்டும் தொங்கும் தராசா? இரண்டாவது கட்சியார் கலைப்பிரியர். உருவமில்லா ஓவியத்துக்கு வழி திறந்தவர் கண்டின்ஸ்கியன்றோ, அவர் பக்கத்தில் இவர் எம்மாத்திரம் என்பர். கண்டின்ஸ்கியின் பெருமையைக் குறைக்க நான் வந்தேனல்லேன். ஒரு மலையைப் பெரிதென்று சொல்வதற்கு அடுத்த மலையைப் பள்ளம் என்று எழுத வேண்டுமா? இதே கூட்டத்திலிருந்த வெரெப்கின் அம்மை, ரேப்பின் என்ற பெரிய ருஷிய ஓவியரிடம் பயின்று புகழ் பெற்றவர். யாவ்லென்ஸ்கியின் முன்னேற்றத்துக்காகத் தம் தூரிகையையே ஏறத்தாழப் பத்தாண்டு கீழே வைத்தார். அந்தத் தியாகத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அதை ஏற்றுக்கொண்டவரைக் கேள்வி கேட்டவர் வெகு சிலரே.

துணைவி என்ற சொல்லின்மேல் எனக்குப் பகையில்லை. நம் சீர்திருத்தத் திருமணங்களில் மணமக்களை வாழ்க்கைத் துணைவர் என்று பெருமையோடு சொல்கிறோம். துணை இரண்டு பக்கமும் இருக்குமானால் சொல் அழகானதே. ஆனால் ‘முன்டர் தம் துணைவரான கண்டின்ஸ்கியுடன் துனிஸ் சென்றார்’ என்று தொடங்கும் புத்தகம் எத்தனை? அப்படி எழுதினால் படிப்பவருக்கு நகைப்பு வருகிறதே, அந்த நகைப்பு எங்கிருந்து வருகிறது?

நிற்க. யாத்திரையின் முடிவைச் சொல்ல வேண்டும். 1914இல் யுத்தம் மூண்டதும், ருஷியரான கண்டின்ஸ்கி ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்துக்கு முன்டர் போய்க் காத்திருந்தார். 1915ஆம் ஆண்டு முடிவில் அவர் வந்தார். மறு ஆண்டு திரும்பினார். அதற்குப் பின் இருவரும் சந்திக்கவேயில்லை. 1917இல் ருஷியாவில் அவர் வேறொரு பெண்ணை மணந்தார். அச்செய்தி பல காலம் முன்டருக்கு எட்டவில்லை. விட்டுச்சென்ற படங்களை அவர் பின்பு கேட்டார். வழக்கறிஞர் மூலம் நெடுநாள் பேச்சு நடந்து, 1926இல் ஒரு பகுதி பெட்டி பெட்டியாக அனுப்பப்பட்டது. மற்றவை முன்டரிடமே நின்றன. ‘பொறாமையால் பிடித்துவைத்துக்கொண்டாள்’ என்று இதற்கும் ஓர் ஏச்சு உண்டு.

அந்தப் பொறாமைக்காரி என்ன செய்தாள் என்று கேளுங்கள். ஹிட்லர் ஆட்சி புதிய ஓவியங்களை ‘சீர்கெட்ட கலை’ என்று தூற்றி, 1937இல் மியூனிக்கிலேயே அவற்றைக் கேலிப் பொருளாகக் காட்சி வைத்தது. கண்டின்ஸ்கியின் படங்களும் அதில் தொங்கின. முன்டரோ தம்மிடமிருந்தவற்றை முர்னாவ் வீட்டின் நிலவறையில் மறைத்து, யுத்தம் முடியும் வரை வாய் திறவாமல் காத்தார். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் படங்களும் தப்பியிரா, கிழவியும் தப்பியிராள். 1957இல், தமது எண்பதாம் பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளை மியூனிக் நகரத்தின் லென்பாக் காட்சிசாலைக்கு விலையின்றிக் கொடுத்தார். கண்டின்ஸ்கியின் எண்ணெய் வண்ணப் படங்கள் மட்டும் அவற்றுள் ஏறத்தாழத் தொண்ணூறு. துனிஸிலும் ரப்பல்லோவிலும் செவ்ரிலும் முர்னாவிலும் அவர் என்ன தீட்டினார் என்பதை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அந்த நிலவறையின் புண்ணியத்தால். கொடுத்தவற்றுள் முன்டரின் சொந்தப் படங்களும் இருந்தன.